மூன்று மந்திர நேரம்

செஞ்சி
28-5-1944, இஸ்பிரீத்துசாந்து திருநாள்

தம்பி லூர்துநாதனுக்கு அக்காள் ஞானம் எழுதுவது. தேவமாதா உனக்குத் துணையிருப்பாளாக.

பட்டணத்திலிருந்து நீ அனுப்பிய மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. எண்ணினேன், நூற்றிருபதும் சரியாக இருக்கிறது. ஜோசப்பினுக்குக் காலையில் ஒன்று, படுக்கும்முன் ஒன்று, தவறாமல் கொடுத்து வருகிறேன். இந்த மாதம் வலிப்பு ஒரே தடவைதான். பதினோராம் தேதி வியாழன், மாவரைக்கும்போது. வெல்லம் கருகுகிற வாசனை வருகிறது என்றாள், இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது, அப்படியே சாய்ந்தாள். மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம். எழுந்ததும் மோர் கேட்டாள். வீட்டில் கடிகாரம் இல்லாததால் நோட்டில் நான் மந்திரக் கணக்கில்தான் குறிப்பேன் என்பது உனக்குத் தெரியும். இதை வழக்கம்போல் டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டு. பெண்ணுக்குப் பதினாலு நடக்கிறது. ஐந்து வருஷமாக இந்த நோட்டும் நானுமாக இருக்கிறோம்.

இனி எழுதுவதைப் படித்து நீ சிரிக்கக்கூடாது. நான் சினிமா பார்த்தேன். நீ ஸ்டூடியோவில் சேர்ந்தபோது, சாமியார் பிரசங்கத்தில் சினிமாவைத் திட்டியதைக் கேட்டுவிட்டு உன் மாமா உன்னை நம் வாசல் மிதிக்க வேண்டாம் என்றார். நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அந்த நானேதான் போனேன். சந்தைமேட்டில் டூரிங் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கடைத்தெரு வெங்கடரமணன் சம்சாரம் ஜெயம் வீடு தேடி வந்து சொன்னாள்.

"ஞானம், உம் பொண்ணுக்கு வர்றத அப்படியே படத்துல காட்டுறாங்க. பொய்யின்னா என்னைக் கேளு."

உன் ஸ்டூடியோவில் எடுத்த படம்தான். ஆரம்பத்து எழுத்தில் பேர் பார்த்தேன். செண்பகம் என்று ஜமீன் வீட்டுப் பெண். பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வெல்லம் கருகுற வாசனை வருதே" என்றாள். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். இடது கட்டைவிரல் மடங்கியது. என் வாய் தானாக மந்திரத்தை ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது முடிந்து ஆமென் சொன்னேன், அவள் கண்ணைத் திறந்தாள். மோர் கேட்டாள்.

"இன்னா ஞானம், கொட்டகையில உக்காந்து செபம் பண்ற?" என்றாள் ஜெயம்.

அப்புறம் செண்பகத்துக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோகிறது. சொத்துக்காகச் சித்தப்பன் அவளைப் பின்னாலிருந்து கோயில் குளத்தில் தள்ளிவிடுகிறான். மூழ்குகிறாள். எழுந்து வரும்போது முகமே வேறாக இருக்கிறது. பாடுகிறாள். அதன்பிறகு வலிப்பே இல்லை.

தம்பி, நான் உனக்கு எழுதுவது டாக்டரம்மா கண்ணுக்கு மட்டும் என்று உனக்குத் தெரியும், நீ வேறு யாரிடமும் காட்டியிருக்க மாட்டாய். அப்படியானால் இதே நோவு உள்ள இன்னொரு பெண் எங்கேயோ இருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு நிஜமாகவே இப்படித்தான் குணமானதா? விசாரித்து எழுது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஞானம்


மதராஸ்
2-6-1944

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சினிமா பார்த்த சேதியை மேக்கப் அறையில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக ராஜாவுக்கும் மீசை ஒட்டுகிறேன், சேவகனுக்கும் மீசை ஒட்டுகிறேன், என் வேலையைப் பற்றி நம் வீட்டில் ஒருவர் கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. கடிதத்தை நாலு முறை படித்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அப்படி ஒரு பெண் உண்டுதான். கோயமுத்தூர்ப் பக்கம் என்று டைரக்டர் சொன்னதாக ஞாபகம். இப்போது கல்யாணமாகிச் சௌக்கியமாக இருக்கிறாளாம். பேர், ஊர் எல்லாம் எனக்குத் தெரியாது அக்கா, பெரிய மனிதர்களிடம் இதையெல்லாம் துருவிக் கேட்க முடியாது. நீ படம் பார்த்து ஆறுதல் அடைந்தாய் அல்லவா, அதோடு விட்டுவிடு.

மாத்திரை மட்டும் தவறக்கூடாது. யுத்தத்தினால் சரக்கு வருவது அருமையாகிவிட்டது, நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குகிறேன். மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். ஜோசப்பினிடம் சொல்.

லூர்து


செஞ்சி
9-6-1944

தம்பி லூர்துநாதனுக்கு,

உன் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். கோயமுத்தூர்ப் பெண் பிழைத்துக் குடித்தனம் நடத்துகிறாள் என்ற வரியைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தினால்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள் இல்லை. மறுபடி இரண்டு தடவை கொட்டகைக்குப் போனேன். போகும்முன் நம் நோட்டைப் படித்து இருபத்திரண்டு குறிகளை மனப்பாடம் செய்துகொண்டேன். அதில் பத்தொன்பது ஒத்துப்போகிறது. ஒத்துவராதது மூன்று. வாயில் நுரை அதிகம். விழும்போது சேலை கலையவில்லை. கண் திறந்ததும் களைப்பே இல்லை. இந்த மூன்றும் ஜனங்களுக்காகச் சேர்த்தது என்று எனக்கே தெரிகிறது. பத்தொன்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர்கள் குணமான விதத்தில் மட்டும் பொய் சொல்வார்களா?

உன் மாமா மண்டியிலிருந்து கடலைக்காய்த் தூசியோடு வந்து உட்கார்ந்தபோது சொன்னேன்.

"சினிமாக்காரன் காட்டுனான்னு பெத்த பொண்ணைத் தண்ணில தள்ளுவியா?" என்றார்.

"சினிமாக்காரன் சொல்லல. என் தம்பி எழுதியிருக்கான். அந்தப் பொண்ணு கோயமுத்தூர்ல புள்ளகுட்டியோட இருக்குது."

"உன் தம்பியும் சினிமாக்காரந்தானே."

"அவன் மீசைதான் ஒட்டுறான். பொய் சொல்ல மாட்டான்."

அவர் துண்டை உதறித் தூசியைத் தட்டினார். தொண்டூர் நாத்தனார், ஜோசப்பினுக்கென்று பேசி வைத்த தன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிற சேதி போன வாரம்தான் வந்தது. கோயிலில் ஜோசப்பின் முழந்தாளிட்டால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். அதெல்லாம் அவர் மனதிலும் இருக்கிறது. கடைசியில், "நான் கீழ்ப்படியில தண்ணில நிக்கிறேன். அதுக்கு ஒத்துக்கிட்டா செய்" என்றார்.

இருபத்துநாலாம் தேதி ஸ்நாபக அருளப்பர் திருநாள். தண்ணீரால் மனிதரைச் சுத்தமாக்கின அர்ச்சியசிஷ்டவர். அன்றைக்குக் கோட்டைக்குள் இருக்கும் சக்கரக்குளத்தில் என்று நேர்ந்துகொண்டேன்.

நீ விசாரித்துச் சொல்ல வேண்டியது: அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் எத்தனை ஆழம் இருந்தது? அவளுக்கு முன்கூட்டித் தெரியுமா, தெரியாதா? படத்தில் தெரியாது. அந்தத் திடுக்கிடலில்தான் நோவு விடுகிறது என்று ஜெயமும் சொல்கிறாள். ஆகையால் ஜோசப்பினிடம் ஒன்றும் சொல்லவில்லை. குளத்துக்குப் போகலாம் என்றேன். ஐந்து வருஷமாகக் குளம் பக்கமே விடாத அம்மா கூப்பிடுகிறாளே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தினம் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கிறாள்.

ஞானம்


மதராஸ்
14-6-1944

அக்கா,

வேண்டாம். அதைச் செய்ய வேண்டாம்.

உனக்குப் புரிகிறபடி எழுதப் பார்க்கிறேன். யுத்தத்தினால் ஃபிலிம் கிடைப்பதில்லை. எந்தப் படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. எங்கள் படம் எடுத்து முடித்தபோது பதின்மூவாயிரத்துக்கும் மேலே நின்றது. எதை வெட்டுவது? பாட்டை வெட்டினால் ஜனங்கள் வரமாட்டார்கள். சண்டையை வெட்டினால் விநியோகஸ்தர் வாங்கமாட்டார். ஆகவே டாக்டரை வெட்டினார்கள். படத்தில் ஒரு டாக்டர் இருந்தார் அக்கா. செண்பகத்தைச் சோதித்து, மருந்து எழுதி, இரண்டு வருஷம் விடாமல் சாப்பிடச் சொல்கிற காட்சிகள் இருந்தன. வயசான நடிகர், அவருக்கு நரைமீசை ஒட்டியது நான்தான். குளத்தில் விழுந்து எழுந்தபிறகும் அவர் வந்து, "மருந்தால்தான் அம்மா" என்று ஒரு வசனம் பேசுவார். அத்தனையும் போயிற்று. நடுவில் ஒன்றுமே இல்லாததால், குளத்தில் விழுந்தாள், குணமானாள் என்று ஆகிவிட்டது.

அந்தக் கோயமுத்தூர்ப் பெண்ணும் மருந்து சாப்பிட்டாள் என்றுதான் கேள்வி. ஆகையால் குளத்தை மறந்துவிடு.

பதினாறாம் தேதி மைசூர்ப் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கிளம்புகிறோம், திரும்ப இரண்டு வாரம் ஆகும். போகும்முன் உன் பதில் வராது என்று தெரியும். நீ கேட்டுக்கொள்வாய் என்று நம்பிப் போகிறேன். இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். நேரமில்லை.

லூர்து


செஞ்சி
18-6-1944, ஞாயிறு

லூர்துநாதனுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் கையெழுத்து நேராக இருக்கிறது. இரண்டாவதில் அடித்தல் ஏழு இடத்தில். யாரோ உன்னைப் பயமுறுத்தி எழுதவைத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னாயா? அவர்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்.

அந்தப் பெண்ணும் மருந்து சாப்பிட்டாள் என்கிறாய். சாப்பிட்டிருப்பாள். ஜோசப்பினும் நாலு வருஷமாகச் சாப்பிடுகிறாள். மாதம் நாலு என்றிருந்தது ஒன்று ஆயிற்று, அந்த ஒன்று போகவில்லை. அந்த ஒன்றுக்குத்தானே தொண்டூர்க்காரி பயப்படுகிறாள். அந்த ஒன்று போனது தண்ணீரில் விழுந்தபிறகா, இல்லையா? நீ அதற்குப் பதில் எழுதவே இல்லை. இல்லை என்றும் எழுதவில்லை.

ஒரு வரி போதும். அந்தப் பெண் தண்ணீரில் விழவே இல்லை என்று எழுது, நான் நேர்ச்சையை மாற்றிக்கொள்கிறேன், சாமியாரிடம் சொல்லிப் பரிகாரம் செய்கிறேன். நீ வெளியூர் போயிருந்தாலும் இந்தக் கடிதம் உன்னைத் தேடி வரும் என்று நினைக்கிறேன். இருபத்துமூன்றாம் தேதித் தபால் வரைக்கும் பார்ப்பேன்.

ஞானம்


செஞ்சி
25-6-1944

தம்பி,

உன் பதில் வரவில்லை. சர்வேசுரனுடைய சித்தம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை பூசை முடிந்து மூன்று பேரும் கோட்டைக்குள் போனோம். ஜோசப்பின் பூசைக்குக் கட்டின பாவாடையோடேயே வந்தாள். வழியெல்லாம் பேச்சு. ராஜகிரி மலைமேலே ஏறலாமா, அங்கேயிருந்து பார்த்தால் சிங்கவரம் தெரியுமா என்று ஓயாத கேள்வி. உன் மாமா முகம் கழுவுகிறவர்போல இறங்கிக் கீழ்ப்படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவள் மேலே நின்று, "நைனா, மீன் இருக்குதா?" என்று குனிந்தாள்.

நான்தான் தள்ளினேன். வேறு யார் கையாலும் நடக்கக்கூடாது என்று இருந்தேன்.

ஒரு பிரியதத்த மந்திரமும் பாதியும். அவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள். உன் மாமா தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். இருமினாள், தண்ணீர் கக்கினாள். வலிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "இன்னாத்துக்கும்மா தள்ளின?" என்றாள். குணமாகணும்னுதான் என்றேன். வீடு வந்து சேரும்வரை உன் மாமா கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

குணமானவளுக்கு மருந்து கொடுப்பது, குணம் கொடுத்த சர்வேசுரனை நம்பாமல் இருப்பதுபோல. ஆகையால் நேற்று ராத்திரி மாத்திரை கொடுக்கவில்லை, இன்றும் இல்லை. மிச்சமிருப்பதை நாளை பார்சலில் அனுப்புகிறேன். யுத்தக் காலத்தில் வேறு யாராவது ஏழைப் பிள்ளைக்கு உதவும், டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடு.

ஞானம்


மதராஸ்
30-6-1944, காலை

அக்கா,

இன்று காலைதான் மைசூரிலிருந்து வந்திறங்கினேன். அறையில் உன் இரண்டு கடிதமும் மாத்திரைப் பார்சலும் கிடந்தன. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வருஷக்கணக்கில் சாப்பிட்ட இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் நாலைந்து நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வரும்போது ஒன்றோடு நிற்காது. ஒன்று விடுவதற்குள் அடுத்தது பிடிக்கும். தண்ணீர்ப் பக்கமும் அடுப்புப் பக்கமும் அவளைத் தனியாக விடவே கூடாது. தந்தி ஆபீசுக்குத்தான் இப்போது போகிறேன், அங்கிருந்து நேரே ரயிலுக்கு. திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடித்து வருவேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. கையோடு கொண்டு வந்து கொடுப்பேன், ஏனென்றால் இதை என் வாயால் சொல்ல என்னால் ஆகாது.

கோயமுத்தூரில் ஒரு பெண்ணும் இல்லை.

படத்துக்காக அந்த நடிகை வலிப்பு நடிக்க வேண்டியிருந்தது. கையைக் காலை உதறினாள், எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டர், "வலிப்பு பார்த்தவன் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். மீசை ஒட்டுகிறவன் பக்கம் அவர் திரும்பிப் பார்த்ததே அன்றுதான். என் பெட்டியில் உன் கடிதங்கள் இருந்தன. படித்துக் காட்டினேன். வெல்ல வாசனையைச் சொன்னேன், கட்டைவிரலைச் சொன்னேன், மோரைச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். மூன்று மந்திரத்தையும் அங்கேயே நின்று வாய்விட்டுச் சொன்னேன், அவர் கடிகாரத்தைப் பார்த்து ஃபிலிம் எத்தனை அடி என்று கணக்குப் போட்டார். அதனால்தான் உன் ஆமெனோடு அவள் கண் திறந்தாள். நீ கொட்டகையில் பார்த்தது ஜோசப்பினைத்தான் அக்கா. நீ உன்னுடைய நோட்டையே இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறாய்.

குளம் மட்டும் உன் கடிதத்தில் இல்லை. அது கதை எழுதினவர் போட்டது.

நீ முதலில் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டியிருக்க மாட்டேன் என்று எழுதினாயே, அந்த நம்பிக்கை போய்விடும் என்று பயந்தேன். ஒரு பெண்ணை உண்டாக்கினேன். இரண்டாவது கடிதத்தில் அவளை ஒழிக்க மனம் வராமல் அவளுக்கு மருந்து கொடுத்தேன். டாக்டரை வெட்டினவர்களைக் குறை சொன்னேன், நானும் உண்மையை வெட்டி அதையே செய்தேன்.

மாமா என்னை உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நின்று மாத்திரையைக் கொடுப்பேன். அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

லூர்து


செஞ்சி
30-6-1944, காலை

தம்பி லூர்துநாதனுக்கு,

இன்றோடு ஆறு நாள். ஒன்றுகூட இல்லை. நீ வெளியூரிலிருந்து வந்ததும் இந்தச் சேதியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் விட்டுவிடு. என் கடிதத்திலும் கடுமை அதிகம். உன் மாமாகூட நேற்று, "லூர்துவை ஆடித் திருவிழாவுக்கு வரச் சொல்லி எழுது" என்றார். தானாகச் சொன்னார், நான் கேட்கவில்லை.

ஜெயம் தினம் வந்து பார்த்துப் போகிறாள். தொண்டூருக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. படம் அவலூர்பேட்டைக்குப் போய்விட்டதாம். அங்கே இதே நோவுள்ள ஒரு பையனின் தாயார் என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நோட்டைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று எழுத வேண்டும். முந்தாநாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது ஜோசப்பின் கையிலிருந்த டம்ளர் இரண்டு தடவை வெட்டி இழுத்தது, கஞ்சி மடியில் சிந்தியது. நேற்றும் அப்படி ஒரு தடவை. தூக்கமும் இல்லை அவளுக்கு. திடுக்கிட்ட உடம்பு அடங்க நாள் பிடிக்கும் அல்லவா. வலிப்பு இல்லை அது. ஆகையால் நோட்டில் குறிக்கவில்லை.

அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை என்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் பின்னால் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். தண்ணீர் சொம்பை நான் நீட்டினால் வாங்குவதில்லை, தரையில் வைத்தால் எடுத்துக்கொள்கிறாள். இன்று காலை ஏதாவது அவளுக்குப் பிடித்ததாகச் செய்யலாம் என்று, "குளத்துக்குப் போய்த் துணி தோச்சுட்டு வரியா? நீ மட்டும் போயிட்டு வா, இனிமே உனக்கு இன்னா பயம்?" என்றேன். ஐந்து வருஷத்தில் ஒருநாளும் அவளைத் தனியாக அனுப்பியதில்லை. நம்பாமல் பார்த்தாள்.

"நெசமாவா? நீ பின்னாடி வர மாட்டியே?"

"வர மாட்டேன்."

"மாதா மேல சொல்லு."

சொன்னேன். துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அந்தக் குளத்துக்கே மறுபடி போகிறாளே, பயம் விட்டுப்போனதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வாசல்படியில் நின்று என்னவோ சொல்ல வந்தவள்போல மூக்கைச் சுளித்து, "அடுப்புல வெல்லம் போட்டியா?" என்று கேட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பாயசம் வைப்பேன் என்று எண்ணினாளோ என்னவோ. இல்லை என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை.

இந்த வரியை எழுதினபிறகு எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் அவளைக் காணவில்லை. பின்னால் போகமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். மாதா பேரில் செய்த சத்தியம். மூன்று மந்திரம் சொல்லி முடித்துவிட்டு, அதற்குள் வராவிட்டால் போகலாம் என்று இருக்கிறேன்.

இரண்டாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருவது கேட்கிறது. என்னவென்று கேட்டுவிட்டு வந்து